கன்னத்தில் நின்ற நீலம்

சங்கரன்கோவிலில் எந்தத் தியேட்டரில் படம் மாறினாலும் ஊருக்கு அதைச் சொல்வது ஆதம்தான். குதிரை வண்டியில் மைக்கோடு உட்கார்ந்து, இடது கன்னத்தில் புகையிலையை அதக்கியபடியே ஒரு சொல்லும் பிசகாமல் பேசுவார்.

1984-ல் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தது. வாயைத் திறந்து காட்டினால் போதும், வலிக்காது என்று இரண்டு நாள் தெருத்தெருவாகக் கூவியதும் அவர்தான். வாசலில் முப்பது பேர் வந்து நின்றார்கள். ஆனால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதால் உள்ளே போக ஒருவரும் துணியவில்லை.

பல் டாக்டர் கோமதித்தாய் சிவகிரிக்காரர்; திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கு வந்திருந்தார். வாசலுக்கே வந்து ஆதமைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஊரையே கூப்பிட்டது நீங்கதான. மொதல்ல நீங்க வந்து உக்காருங்க. பாத்தா இவங்களுக்குப் பயம் போயிரும்லா."

ஆதம் புகையிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு, மேடை ஏறுகிறவர் மாதிரி போய் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. நெற்றியில் கட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் சன்னல் வெயில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வெளிச்சம் நேரே ஆதமின் தொண்டை வரை பாய்ந்தது. கூட்டம் பக்கத்துச் சன்னலை மொய்த்தது.

இடது கன்னத்தை விலக்கியதும் டாக்டரின் கை நின்றது. உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. சுண்ணாம்புதான் என்றார் ஆதம். டாக்டர் பஞ்சால் துடைத்தார்; போகவில்லை. பிறகு ஒரு நீலச் சாயத்தைத் தடவி, புளிப்பு நீரால் கழுவினார். நல்ல சதையில் நீலம் கழுவினால் போய்விடும் என்று சன்னலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். முக்கால்வாசி போனது. பாசிப்பயறு அளவில் ஒரு புள்ளி மட்டும் அப்படியே நின்றது. ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து அதை அவருக்கே காட்டினார்.

"புத்துதானாம்மா?"

"இப்ப ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அந்த எடத்துல துளி கிள்ளி மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுச் சொல்லுதேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து, ஒரு தையலும் போட்டார். ஆதம் எழுந்து வெளியே வந்தபோது முப்பது பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

வீட்டில் மனைவி மகபூப் பீவி அவருடைய நீலப் பல்லைப் பார்த்து, இங்க்கைக் குடித்தீர்களா என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. புகையிலை டப்பாவை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அதன்பின் ஆதமுக்குப் பொரிகடலைதான். கன்னம் வெறுமையாக இருந்ததில் நாக்குக்குப் பிடி கிடைக்காமல், 'பகல் காட்சி' இரண்டு நாள் 'பழக் காட்சி' ஆனது. ஊர் ரசித்தது. அவருக்குத்தான் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து இருவரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் முடிவை உடனே சொல்லிவிடவில்லை. மைக்ராஸ்கோப்பில் அவர்களையே பார்க்கச் சொன்னார். ஆதமுக்கு ஏதோ ஊதா நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். மகபூப் பீவி ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இங்கன செங்கல் வரிசையா இருக்கு டாக்டரம்மா. அங்கன கட்டுன கொத்தனாரு சரியில்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். அந்த எடத்துல செல்லுங்க வரிசை கலைஞ்சிருக்கு, ஆனா இது புத்து இல்ல. விட்டா அங்க போய்ச் சேரலாம். இப்பவே அந்தத் திட்ட எடுத்துருவோம்."

அடுத்த வாரமே எடுத்தார்கள். மூன்று வாரம் கஞ்சியும் சைகையுமாகப் போனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி ஆஸ்பத்திரி நாற்காலி, அதே நீலம். ஒவ்வொரு தடவையும் கழுவி முடிக்கிறவரை மகபூப் பீவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டாம் வருஷக் கடைசியிலும் நீலம் ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவிப் போனது. இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் மகபூப் பீவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊர் வந்த பிறகும் அவளை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கண்டக்டர்தான் வந்து எழுப்பினார்.