படம் எடுத்த நேரம்

கமலேஷ் கடைக்குள் வந்தபோது என் நைனா அவலூர்பேட்டைக்காரர் ஒருவரிடம் கடலை விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தி, "இன்னாம்மா, கூட வேல செஞ்ச தம்பியா? மோரு குடு" என்றார். என்னைக் கொள்ளையடித்தவனுக்கு எங்கள் கடையிலேயே மோர். நானே ஊற்றினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் போட்டேன்.

சென்னை ஆய்வகத்தில் கண் எரிய எரிய நான் எழுதிய புரோகிராம் அது. நுண்ணோக்கியில் எடுத்த செல் படங்களைக் கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீள நூலாக இருக்கிறதா, துண்டுதுண்டாக உடைந்திருக்கிறதா என்று தானே அளந்து சொல்லிவிடும். செல் நன்றாக இருந்தால் நூல், நொந்துபோனால் துண்டு. அம்மாவின் ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்தேன். அதற்குள் கமலேஷ் அதைத் தன்னுடையதாக்கி, ஒரு மருந்து உடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களை ஒட்டவைக்கிறது என்று கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டான். அடியில், 'படங்களை அடுக்கித் தந்த இளவேனிலுக்கு நன்றி.' கடையில் சோப்புக்கட்டி அடுக்குகிற மாதிரி! நான் திரும்பிப் போகவில்லை.

இப்போது இதழ்க்காரர்கள் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த சுவாதி எடுத்த படங்களில் மருந்து போட்டதும் போடாததும் ஒன்றாகவே இருந்தன.

"உன் புரோகிராம்லதான் ஏதோ மிஸ்டேக் இளா" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

பார்த்தேன். பழைய படங்களில் மருந்து போட்ட செல்கள் எல்லாம் காலையில் எடுத்தவை. போடாதவை எல்லாம் அவன் டீ குடித்து, கதை பேசி, சாப்பிட்டு வந்த பிறகு எடுத்தவை. அதுவரை ஏசிக் குளிரில் மேஜைமேல் கிடந்தால் எந்தச் செல்தான் உடையாது? சுவாதி மருந்து போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்திருந்தாள்; அதனால்தான் வித்தியாசமே வரவில்லை.

எங்கள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கில் இருக்கும் குறையை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். காதில் வாங்காவிட்டால் அப்புறம் அவன் பாடு.

"படம் எடுத்த நேரம் பாத்தியா?"

"நேரத்துல என்ன இருக்கு? நீ புரோகிராமப் பாரு."

"அது சரியாத்தான் இருக்குது."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என் படம்தான் கரெக்ட். அந்தப் பொண்ணு சொதப்பிடுச்சு. ஒரிஜினல் மொத்தமும் கேக்கறாங்க, இன்னிக்கே அனுப்பிடறேன்."

ஒவ்வொரு படத்துக்குள்ளும் நேரம் பதிந்திருக்கிறது, சுவாதியுடையதிலும். இதழ்க்காரர்கள் அதைப் பார்ப்பார்கள்; அவள் தப்பித்துவிடுவாள்.

"உன் பேரையும் போட்டுடறேன். ரெண்டாவதா."

"வேணாம்பா."

"சரி, மொதல்லயே போடறேன்!"

பேரமே பேசாமல் விலை தானாக ஏறியதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இருந்தும் கையை நீட்டவில்லை. "உன் உழைப்பு கமலேஷ். நீ ஒருத்தனே வெச்சுக்கோ."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல புள்ளயா இருக்குது" என்றார் நைனா. "ரொம்ப" என்றேன்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவனிடம் ஒரு அம்மாள் கொய்யாக் கூடையைத் தூக்கிக் காட்டினாள். படம் எடுத்த நேரத்தைப் பார்க்காதவன், ஒவ்வொரு பழமாக எடுத்து, திருப்பி, அமுக்கி, முகர்ந்து, வெயிலில் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தான்.

"இன்னா சார், பழம் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?"

பஸ் நகர்ந்தது. அவள் கூடையோடு கூடவே ஓடினாள். அவன் கை இன்னும் உள்ளே துழாவிக்கொண்டிருந்தது.