நீள்வட்ட முகம்

“மூஞ்சி எப்டிம்மா இருக்கும்? வட்டமா, நீட்டா?” என்று கேட்டார் காவலர் ராதிகா. கலைமகள் புருஷன் முகத்தை நினைவில் தேடினாள். பத்தொன்பது வருடம் அவள் சோறு போட்ட முகம். பவர்லூம் பட்டறைக்குப் போகிறேன் என்று கிளம்பிய ஜீவானந்தம் நான்கு நாளாக வீடு திரும்பவில்லை. உயரம் சொல்லியாயிற்று, மாநிறம் என்று சொல்லியாயிற்று. தழும்போ மச்சமோ கிடையாது. ஆதார் அட்டைப் படத்தில் அவனை அவனுக்கே அடையாளம் தெரியாது.

கூட வந்திருந்த கொழுந்தன் காத்தவராயன், “நீட்டு மூஞ்சிதாங்க மேடம். எங்கப்பா ஜாடை” என்றான். கன்னம் உப்பியிருக்குமே என்று கலைமகள் யோசித்தாள். வாயில் சோறு இருந்ததாலா? அவன் சாப்பிடும்போதுதான் அவள் அவனைப் பார்த்திருக்கிறாள். மற்ற நேரமெல்லாம் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். கண்ணை எடுத்தால் நூல் அறுந்துவிடும்.

“ரெண்டுத்துக்கும் நடுவுலங்க” என்றாள்.

ராதிகா ‘நீள்வட்ட முகம்’ என்று எழுதினார்.

“அப்டின்னா என்னாங்க?”

“முட்ட மாதிரி. பாதிப் பேருக்கு அப்டித்தான் இருக்கும். கையெழுத்துப் போடும்மா.”

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் மூன்று முறை அழைப்பு வந்தது. எங்காவது யாரென்று தெரியாத பிணம் கிடைக்கும். வயசும் உயரமும் முகமும் ஒத்துப்போகிறது, வந்து பாருங்கள் என்பார்கள். முதல் முறை காத்தவராயன் கூட வந்தான், பஸ்ஸிலேயே அழுதான். இரண்டாவது முறை லீவு இல்லை என்றான். மூன்றாவது முறை அவள் அவனிடம் சொல்லவில்லை, ஆரணியிலிருந்து தனியாகப் போளூருக்கு பஸ் ஏறினாள். களம்பூர் தாண்டும்போது, அவராகவே இருக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரிக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். தெருவில் அவள் பொட்டு வைத்தாலும் பார்க்கிறார்கள், வைக்காவிட்டாலும் பார்க்கிறார்கள்.

பிணவறை வாசலில் இன்னொருத்தி காத்திருந்தாள். படவேட்டுக்காரி, பெயர் ஜெயம். அவளுடைய புகார் நகலிலும் நீள்வட்ட முகம் என்றுதான் இருந்தது.

“எங்க ஊட்டுக்காரருக்கு வட்ட மூஞ்சிங்க. நான் சொன்னா யாரு கேக்குறா?” என்றாள்.

இருவரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். ஊழியர் துணியை விலக்கினார். ஏரித் தண்ணீரில் ஊறிய அந்த முகத்துக்கு எந்த வடிவமும் இல்லை. கலைமகள் காதைப் பார்த்தாள், கைவிரல்களைப் பார்த்தாள். அவர் இல்லை. அதைச் சொல்வதற்குள் ஜெயம் கால்பக்கம் போய், வளைந்திருந்த சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இவளுக்குக் கிடைத்துவிட்டது என்று கலைமகளுக்குத் தோன்றியது. இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சமாகத்தான்.

கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். ஜெயம் எழுந்து, “அக்கா, இத்த செத்த புடிச்சிக்கோயேன்” என்று தன் துணிப்பையை நீட்டினாள். பை கனமே இல்லை. உள்ளே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, கடை மடிப்புக் கலையாமல், காலரில் குண்டூசியோடு இருந்தது. கலைமகள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். வெளியே ஆரணி பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.