சுவரிலிருந்து பதினைந்து அடி

செத்தவள் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் கிடந்தாள். மொட்டை மாடியிலிருந்து கால் தவறி விழுகிறவர்கள் பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் விழுவார்கள். அதனால், "ஓடி வந்து குதிச்சிட்டா" என்றான் புருஷன். இன்ஸ்பெக்டரும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணவறையில் அவளை அறுத்துப் பார்த்தவள் நான். பின்மண்டை முட்டை ஓடாக நொறுங்கியிருந்தது. விலா எலும்பு நுரையீரலைக் கிழித்திருந்தது. அதெல்லாம் தரை செய்த வேலை. இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் விரல் விரலாகக் கன்றிப் போயிருந்ததே, அதையும் தரையா செய்தது?

"தடுக்கலாம்னு நானும் தம்பியும் புடிச்சோம் டாக்டரம்மா, உதறிட்டு ஓடிட்டா" என்று அதற்கும் பதில் வைத்திருந்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் லாரியில் மூட்டை ஏற்றும் வேலை. தற்கொலை என்று நான் எழுதிக் கொடுத்தால் நாலு வயது மகளை அன்றே கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்ற சித்தி, "அக்காவ தினம் அடிப்பான்மா. இவள அவன்கிட்ட விட்டுடாதீங்க" என்று என் காலில் விழப் போனாள்.

அண்ணன் தம்பியையும் இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். ஓடி வர இடமே இல்லை. தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு நின்றது. அவள் எடைக்கு மணல் அடைத்த பொம்மையைக் கையும் காலுமாகப் பிடித்து வீசும்படி இரண்டு காவலர்களிடம் சொன்னேன். முதல் தடவை கைப்பிடிச் சுவரிலேயே இடித்தது. அடுத்த தடவை பாதி தூரம்கூடப் போகவில்லை.

"பாத்தீங்களா மேடம்? ரெண்டு பேர் வீசினாலும் போகாது" என்று இளித்தார் இன்ஸ்பெக்டர். புருஷன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

தம்பிக்காரனுக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்தவன் மூட்டை தூக்குவதைப் பார்த்தாலே நாக்கு அரிக்கிற ரகம். "ஆளுக்கொரு நேரத்துல விட்டா எப்படி சார் போகும்? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லி சேர்ந்து விடணும். அப்போ திமிறினாக்கூட அங்க போய் விழும்."

"பொம்மை எப்படிப்பா திமிறும்?" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும். கெட்டது அவனுக்குப் புரிவதற்குள் அண்ணன் பாய்ந்து, முடியைப் பிடித்து அவன் முகத்தைத் தொட்டியில் மோதினான். மூக்கு உடைந்தது. பல் தெறித்தது. "வாய மூடுடா நாயே!" மறுபடி மோதினான். காவலர்கள் இழுத்துப் பிரித்தபோது, "நீதானடா தூக்கிப் போட்டுடலாம்னு சொன்னே!" என்று தம்பி ரத்தமாகத் துப்பினான்.

இருவரையும் விலங்கு மாட்டி இறக்கினார்கள். வெட்டிப் போடலாமா என்று இருந்தது எனக்கு. சித்தியிடம் போய், "குழந்தை இனி உன்கிட்டதாம்மா" என்றேன். அவள் வாய்விட்டு அழுதாள்.

அவளையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. காவலர் ஒருவர், பாவம், நல்ல மனுஷன், குழந்தையை ஜீப்பில் ஏற்றக் கையில் வாங்கினார். "அழாதடா கண்ணு. மாமா தூக்கி விடறேன். ஒண்ணு... ரெண்டு..."

குழந்தை இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தியது.

"மூணு சொல்லாதீங்க மாமா. அம்மா விழுந்துடுவாங்க."