கேலிக்குச் சொன்னது

தமிழ்வாணி அந்தத் துப்பாக்கி ஆட்டத்தைப் பழகியது வீட்டில்தான். அண்ணன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது ஒரு பழைய பிளேஸ்டேஷனையும், இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து ஆடுகிற ஜாய்ஸ்டிக்கையும் விட்டுப் போயிருந்தான். நாகமலைப் புதுக்கோட்டை வீட்டின் நடு அறையில், பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் இடையில் அவை கிடந்தன. அவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. அவள் வயதுப் பையன்கள் டவுன் பஸ் ஏறித் தெப்பக்குளத்துப் பக்கம் போய், டைல்ஸ் கடை மாடியில் இருந்த கேமிங் சென்டரில் கீபோர்டும் மவுசும் பிடித்துப் பழகினார்கள். "அங்கன பூராம் பயலுகளா இருப்பானுக, நீ எங்கிட்டுப் போற?" என்று அம்மா பாண்டியம்மாள் ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எந்தக் கைக்கு எந்தக் கருவி என்பது இப்படித்தான் முடிவாயிற்று.

கல்லூரியில் சேர்ந்ததும் அண்ணன் கம்ப்யூட்டர் ஒன்றை அனுப்பிவைத்தான். தமிழ்வாணி அதிலும் ஜாய்ஸ்டிக்கையே செருகி ஆடினாள். அந்த ஆட்டத்தில் மவுஸ், ஜாய்ஸ்டிக் இரண்டும் செல்லும். மவுஸ் பிடித்தவனுக்குக் கை சொன்ன இடத்தில் குறி நிற்கும். தூரத்தில் இருப்பவனை நெற்றியில் சுட அதுதான் வசதி. ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரலால் ஒரு சின்னக் குமிழைத் தள்ளித்தான் குறி பார்க்க வேண்டும் என்பதால், எதிரி கிட்டத்தில் வரும்போது குறி அவன் மேல் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி ஆட்டத்தைச் செய்தவர்களே ஓர் உதவி வைத்திருந்தார்கள். அந்த ஒட்டுதலைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களோடு ஒரு சின்ன அறைக்குள் மாட்டிக்கொண்டால், மவுஸ்காரர்கள் பெரும்பாலும் செத்துத்தான் வெளியே வருவார்கள்.

அப்படிச் செத்தவர்களில் சூரியபிரகாஷும் ஒருவன். தமிழ்வாணிக்கு அத்தை மகன், முறைப்பையன். தெப்பக்குளத்து சென்டரின் முதல் ஆள். நெட் ஆட்டத்தில் 'சமணமலை' என்ற பெயரில் யாரோ தன் கோஷ்டியை ஒரு வாரமாக அடித்துத் துவைக்கிறார்கள் என்று அலைந்தவன், அது மாமா மகள்தான் என்று கண்டுபிடித்தபோது தை மாதம் பிறந்திருந்தது. அந்த மாதம்தான் சொந்தத்தில் ஒரு காதுகுத்து.

கருமாத்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயில். கிடா வெட்டி, இலை போட்டு, முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்வாணி குழம்பு வாளியோடு வந்தாள். சூரியபிரகாஷ் இலையைக் கையால் மறைத்தான்.

"ஏய், எல்லாரும் பாத்துக்கங்க. சமணமலை இவுகதான். கம்ப்யூட்டர்ல நம்மளப் பூராம் சுட்டுத் தள்ளுறது இந்தக் கைதான்."

"சுடுறது மட்டுமா மச்சான், பொதைக்கவும் செய்வேன்" என்றாள் அவள். பந்தி சிரித்தது.

"அட, எதைப் பிடிச்சுச் சுடுறான்னு கேளுங்கப்பா. ஜாய்ஸ்டிக்கு! சின்னப் பிள்ளைக வச்சு ஆடுமே, அது. இவ பாதி ஆடுவா, மிச்சத்த மிஷினு ஆடிக் குடுக்கும். இடுப்புல தூக்கி வச்சு, வாயத் தொறக்கச் சொல்லி, சோறு ஊட்டிவிடும். இவ 'ஆ'ன்னு வாயத் தொறக்க வேண்டியது, அம்புட்டுத்தான். ஏன் மாமா மகளே, நீயா மென்டு திங்குறது எப்ப?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. ஓர் ஆள் வாயைத் திறந்து 'ஆ' என்று காட்டினார். சூரியபிரகாஷின் அம்மா மலையம்மாள், "விடுறா, பிள்ள மூஞ்சி சுருங்குது" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள்.

அந்தப் பக்கத்தில் முறை உள்ளவன் கேலி செய்தால் கோபப்படக் கூடாது. சாணி கரைத்து ஊற்றினாலும் சிரிக்க வேண்டும். பதிலுக்குச் செய்யலாம், வருத்தப்படத்தான் உரிமை கிடையாது. கோபப்பட்டவர்களை, "என்னமோ வேற வீட்டு ஆளு மாதிரி பேசுறா" என்று பெண்களே தள்ளிவைப்பார்கள். தமிழ்வாணியும் சிரித்தாள். அவன் கை மேலேயே ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு நேராகிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு நேராகவில்லை.

ஊருக்கு வந்ததும் ஜாய்ஸ்டிக்கைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்தாள். தையல் மிஷின் மேல் பலகையைப் போட்டு, அதில் கீபோர்டையும் மவுசையும் வைத்தாள். இடது கை விரல்கள் நான்கு எழுத்துகளின் மேல் நடக்கப் பழக வேண்டும், வலது கை முழங்கையிலிருந்து நகரப் பழக வேண்டும். பலகையின் அகலம் போதாமல் முழங்கை பீரோவில் இடித்தது. பள்ளிப் பையன்களிடமெல்லாம் தோற்றாள். 'சமணமலை செத்துருச்சா?' என்று யாரோ எழுதினார்கள். மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் தைலம் தடவிக்கொண்டு திரிந்தாள். "அதான் நல்லா ஆடிக்கிட்டு இருந்தியே, என்னத்துக்கு இந்தச் சித்திரவதை?" என்று அம்மா கேட்டாள். முறைக்காரன் கேலிக்குச் சொன்ன வார்த்தைக்காக என்று சொன்னால் அம்மாவே சிரிப்பாள்.

சித்திரை முடிவதற்குள் மவுஸ் ஓரளவு கைக்கு வந்தது. ஆனால் ஓரளவுதான்.

அவள் டிகிரி முடித்திருந்த ஆனி மாதம் அசாருதீன் போனில் கூப்பிட்டார். சென்டரை நடத்துகிறவர் அவர். நெல்பேட்டைக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி நான்கு பேர் கொண்ட கோஷ்டியைத் தேடுகிறதாம். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி, சம்பளம், பிறகு பெரிய போட்டிகள். மதுரையிலிருந்து மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள், சூரியபிரகாஷ்தான் தலைவன். நான்காவது இடத்துக்கு அவளும், வில்லாபுரத்துப் பையன் அருள்பாண்டியும்.

"ஞாயித்துக்கெழமை காலைல சென்டருக்கு வந்துரு தங்கச்சி. கோயம்புத்தூர்க்காரங்க அங்க இருந்தே நெட்ல பாப்பாங்க. நாலு ரவுண்டு. இன்ஷா அல்லாஹ், நீதான்."

அப்பா செல்வக்குமார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "எடுத்தாங்கன்னா போ. எங்க அக்கா மகன் சூரியா கூட இருக்கான், பயமில்ல. எடுக்கலைன்னா பி.எட். சேரணும். மறுபேச்சுப் பேசக் கூடாது" என்றார். அந்த வீட்டில் அவளுக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வாக்கு அது. அவள் சரி என்றாள்.

சென்டரின் உள்ளே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனாள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, ஏசி போட்டு, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவளுக்கு ஒதுக்கிய மேசையில் கீபோர்டும் மவுசும் இருந்தன. அவற்றுக்கு முன்னால், உறை பிரித்த புது ஜாய்ஸ்டிக் ஒன்றும் இருந்தது. அசாருதீன் அதை ஒரு துணியால் துடைத்து வைத்திருந்தார்.

"எதுல வேணாலும் ஆடலாம் தங்கச்சி. ரூல்ல ரெண்டும் உண்டு."

அவள் நாற்காலியை இழுத்தாள். ஜாய்ஸ்டிக்கைப் பார்த்ததும் உள்ளங்கைகள் தாமாகவே குவிந்தன. எடுத்திருப்பாள். சூரியபிரகாஷ் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனோடு இன்னும் ஏழெட்டுப் பையன்கள்.

"என்ன அசார் அண்ணே, பாப்பாவுக்குப் பால் புட்டி மட்டும்தானா? தொட்டில் கட்டலையா?"

பையன்கள் சிரித்தார்கள். திரையில் கோயம்புத்தூர்க்காரரின் முகம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தெரிந்தது. அவரும் சிரித்த மாதிரி இருந்தது.

தமிழ்வாணி ஜாய்ஸ்டிக்கை எடுத்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள். "நான் மவுஸ்லயே ஆடுறேன் அண்ணே."

அசாருதீன் ஏதோ சொல்ல வந்தார். "அட்றா சக்க! ரோசம் வந்துருச்சுடா" என்று சூரியபிரகாஷ் கை தட்டியதில் அது கேட்கவில்லை.

முதல் ரவுண்டை அவள் ஜெயித்தாள். தூரத்துக் கூரை மேல் இருந்த அருள்பாண்டியை ஒரே குண்டில் சாய்த்தபோது பையன்கள் 'ஓ' போட்டார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. மற்ற மூன்று ரவுண்டும் கட்டடத்துக்குள்ளே போயிற்று. அருள்பாண்டி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தான், மாடிப்படிக்குக் கீழிருந்து வந்தான். பத்து வயதிலிருந்து மவுஸ் பிடித்த கை அவனுடையது. அவளுடைய குறி அவனைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது; திருப்பிக் கொண்டுவருவதற்குள் திரை சிவந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய வலது கட்டைவிரல் மவுசின் பக்கவாட்டில் இல்லாத குமிழைத் தேடியது.

கோயம்புத்தூர்க்காரர் அருள்பாண்டிக்கு வாழ்த்துச் சொன்னார். தமிழ்வாணிக்கும் நன்றி சொன்னார். கட்டம் அணைந்தது.

கீழே டீக்கடையில் அசாருதீன் அவளுக்கு டீயை நீட்டினார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன்ம்மா அப்படிப் பண்ணுன?"

"எப்படிண்ணே?"

"மவுஸ்காரன் மூணு பேரு ஏற்கனவே இருக்கான். கிட்டத்துல அடிக்க ஜாய்ஸ்டிக்குல ஒரு ஆளு வேணும்னுதான் அவங்க கேட்டதே. உன் பேரச் சொன்னது சூரியாதான். நீ அதைத்தானே பிடிப்ப, தனியா என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அருள்பாண்டிய எதிர்ல ஒரு ஆளு வேணுமேன்னுதான் உக்கார வச்சது. இப்ப ஜெயிச்சவனையே எடுத்துக்கிட்டாங்க."

தமிழ்வாணி டீயை வாங்கவில்லை. பைக்கின் மேல் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த சூரியபிரகாஷிடம் போனாள்.

"மச்சான், ஜாய்ஸ்டிக்கு ஆளு வேணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நான்தான உன் பேரு சொன்னேன்."

"பெறகு ஏன் அப்படிப் பேசுன?"

"எப்படிப் பேசுனேன்?"

"பால் புட்டின்னு."

அவன் நிமிர்ந்தான். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "அட லூசு. கேலிக்குச் சொன்னதுடீ. அதுக்காகவா நீ மவுஸ எடுத்த?"

"காதுகுத்துலயும் சொன்னியே. மிஷினு ஊட்டிவிடுதுன்னு."

"எந்தக் காதுகுத்து?"

அவனுக்கு நினைவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்தாள், எங்காவது ஒரு நடிப்பு தெரிகிறதா என்று. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பகை என்றால் அவள் ஒரு ஆளாக அவன் கண்ணில் பட்டிருக்கிறாள் என்றாவது ஆகும். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பந்தியும் குழம்பும் அந்த 'ஆ'வும் அவனிடம் இல்லை.

"கோயம்புத்தூர்க்காரருக்கு போன் போட்டு இன்னொரு தடவ ஆட விடச் சொல்லு மச்சான். ஜாய்ஸ்டிக்குல ஆடுறேன்."

"எல்லாரும் பாக்க முடிவு சொன்ன பெறகு எப்படிச் சொல்றது? சொந்தக்காரிக்குத் திருப்பி வைக்கிறாம்பாங்க. எனக்கும் ஒரு பேரு இருக்குல்ல?" அவன் ஹெல்மெட்டை மாட்டினான். "முறைக்காரன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? ரோசம் வேணுந்தான் தமிழு, இம்புட்டு ஆகாது."

மறு வாரம் அத்தை மலையம்மாள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அந்த அருள்பாண்டிக்கு ஜாய்ஸ்டிக் பிடிக்க வரவில்லையாம், கம்பெனிக்காரர்கள் அவனை அதில்தான் ஆட வேண்டும் என்கிறார்களாம், கோயம்புத்தூர் போவதற்குள் நம்ம தமிழு ரெண்டு நாள் போய்ச் சொல்லிக் கொடுத்தால் சூரியாவுக்குப் பெரிய உதவியாக இருக்குமாம். அம்மா இவளைக் கேட்காமலே, "அதுக்கென்ன மதினி, வருவா" என்று சொல்லி போனை வைத்தாள்.

"நான் போகல" என்றாள் தமிழ்வாணி.

"அத்தை வாய் தொறந்து கேட்டுருக்கு. நாளைக்கு நம்மளுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா? போயிட்டு வா."

போனாள். அருள்பாண்டி மரியாதையான பையன். சென்டரில் அவளைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தான். அவன் கையில் ஜாய்ஸ்டிக் இருந்ததற்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. சூரியபிரகாஷ் அவன் தோளைத் தட்டி, "நம்ம கோஷ்டிக்கே நீதான்டா கிட்டத்து ஆளு" என்றான். அருள்பாண்டி அவனுக்கு எந்த முறையும் இல்லாதவன்.

எந்தக் குமிழ் எதற்கு, எதிரி குறுக்கே ஓடும்போது குறியை எப்படி அவன் மேல் ஒட்டவிடுவது, எப்போது விடுவிப்பது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். ஆனால் குதிக்கும்போதெல்லாம் செத்தான். குதிக்கிற பொத்தானை அழுத்த அவன் குமிழிலிருந்து கட்டைவிரலை எடுத்தான்; அந்த நொடியில் குறி அநாதையாக நின்றது. ஆள்காட்டி விரலை மடக்கி மேலிருந்து பொத்தானுக்குக் கொண்டுபோனால் கட்டைவிரலைக் குமிழிலிருந்து எடுக்கவே வேண்டாம். பார்க்க நண்டுக்கொடுக்கு மாதிரி இருக்கும். யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் இடையில் தானாகக் கண்டுபிடித்து, விரல் மரத்துப் போகப் போகப் பழகியது.

"குதிச்சா மட்டும் செத்துப் போறேன்க்கா. ஒரு தடவ ஆடிக் காட்டுங்களேன்."

அவன் நீட்டினான். தமிழ்வாணி வாங்கினாள். ஆள்காட்டி விரல் மேலே மடங்கப் பார்த்தது. அதை நீட்டி, எல்லோரும் பிடிக்கிற மாதிரி அடியில் வைத்துக்கொண்டாள். குதித்தாள். கட்டைவிரலை எடுத்தாள். செத்தாள்.

"உங்களுக்குமா?" என்றான் அவன், ஆறுதலோடு.

"ஆமா. அது அப்படித்தான்" என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். பின்னாலிருந்து திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சூரியபிரகாஷ், "இப்பப் பரவாயில்லையே தமிழு, பயலத் தேத்திட்டியே" என்றான்.

"தேறிட்டான் மச்சான்" என்றாள் அவள்.