அண்ணனின் சுருதி

ஃப்ரீசர் பெட்டியின் வயரை ஜாக்சன் பிளக்கில் செருகியபோது, மண்ணூர்பேட்டையின் அந்த இரண்டு அறை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: செத்துப்போன கிருபாகரனின் மனைவி ஜெயசீலி, மகள் ஸ்வீட்லின், சபையில் கீபோர்டு வாசிக்கும் ஜாக்சன், பாஸ்டர், கிருபாகரனின் அண்ணன் கிறிஸ்துதாஸ். பெட்டிக்குள் கிருபாகரன். சுவரில் சாய்ந்தபடி அவனுடைய கிடார்.

முந்தின நாள் மத்தியானம், தொழிற்பேட்டையில் லேத் மிஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"மூணு மணிக்கு ஆராதனை, நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றார் கிறிஸ்துதாஸ். "மொதல் பாட்டு நான் பாடறேன்."

"மொதல் பாட்டு அப்பாவே பாடுவாரு, பெரியப்பா." ஸ்வீட்லின் செல்போனைத் தூக்கிக் காட்டினாள். "போன மாசம் அவரே ரெக்கார்டு பண்ணாரு. என் அடக்கத்துக்குப் போடுன்னு சொல்லிக்கினு சிரிச்சாரு."

"சிரிச்சான் இல்ல? ஊரும் சிரிக்கும். கிடார்ல அவன மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அந்தப் பேரோட போகட்டும்."

"அன்னிக்கு ஊரா மைக்க புடுங்கிச்சு?" என்றாள் ஜெயசீலி. தலையை நிமிர்த்தவில்லை. "நீங்கதான மாமா புடுங்குனீங்க?"

பதினாறு வருஷத்துக்கு முந்தின கதை. சபை ஆண்டு விழாவில் கிருபாகரன் தனிப்பாட்டுப் பாட எழுந்தான். இரண்டாவது வரியிலேயே குரல் சுருதியை விட்டு விலக, முன்வரிசைப் பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இருவரின் அப்பா அந்தச் சபையில் முப்பது வருஷம் பாடகர் குழுத் தலைவர். அப்பேர்ப்பட்டவர் மகனைப் பார்த்துச் சிரிப்பதா? கிறிஸ்துதாஸ் மேடையேறி மைக்கை வாங்கி, மீதிப் பாட்டைத் தாமே பாடி முடித்தார். கிருபாகரன் ஒரு தாளமும் தப்பாமல் கூடவே வாசித்தான். அதற்குப் பிறகு அவன் கோயிலில் வாய் திறக்கவில்லை. வாசிப்பதையும் விடவில்லை.

அண்ணன் பாடும்போது அவன் கிடாரைப் பார்க்க மாட்டான். அண்ணன் வாயையே பார்ப்பான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று கிறிஸ்துதாஸ் பலரிடமும் சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஆவடியில் ஒரு கல்யாணத்தில் வேறொருவன் வாசிக்கப் பாட நேர்ந்தது. பாட்டு கெட்டுப்போயிற்று. அந்தக் கிடார்காரனுக்குச் சுருதி ஞானம் இல்லை என்று அங்கேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டார்.

"செத்தவன் தலைமாட்டுல சண்டை வேணாம்" என்றார் பாஸ்டர். "பெரியவரே பாடட்டும்."

"பாடட்டும்" என்றாள் ஜெயசீலி. "அவரு பாடாம எப்ப விட்டாரு?"

மூன்று மணிக்குத் தெரு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் கிறிஸ்துதாஸ் பெட்டியருகே போய் நிமிர்ந்து நின்றார்.

"இன்னா சுதி வெக்கட்டும், அண்ணாத்தே?" என்றான் ஜாக்சன்.

"எப்பவும் வெக்கிறதுதான்."

"உங்களுக்கு எப்பவும்னு ஒண்ணு கெடயாது, அண்ணாத்தே."

"வேலையைப் பாருடா."

ஜாக்சன் வாசித்தான். முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாவது வரியில் கீபோர்டு மேலே ஏறிப் போவதுபோல் இருந்தது. கிறிஸ்துதாஸ் ஜாக்சனை முறைத்தார். அவன் பார்வை கீபோர்டின் மேலேயே இருந்தது. மூன்றாவது வரியில் பாட்டு ஒரு பக்கமும் கீபோர்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. முன்வரிசையில் ஒரு பெண் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துதாஸ் நிறுத்தினார்.

"ஏன்டா ஏத்துற?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் எங்க ஏத்துனேன்? வெச்ச எடத்துலதான் கீது. நீங்கதான் எறங்கிக்கினே போறீங்க." ஜாக்சன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கிருபாண்ணன் உங்க வாயப் பாத்துக்கினே கையக் கூடவே எறக்கிடுவாரு. யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த வித்த வராது."

கிறிஸ்துதாஸ் சுவரோரம் இருந்த கிடாரைப் பார்த்தார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை.

ஸ்வீட்லின் செல்போனை ஸ்பீக்கரில் இணைத்தாள். பெரியப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் கையை நீட்டித் தடுக்கவில்லை.

முதலில் கிடார். தெருமுனையில் ஆட்டோவை அணைத்துவிட்டு ஒருவர் இறங்கி நின்றார். பிறகு கிருபாகரனின் குரல். அதே கரகரப்பு, அதே கோணல். முதல் வரியிலேயே சுருதியை விட்டு இறங்கியது. கிறிஸ்துதாஸ் கண்ணை மூடிக்கொண்டு கிடாரை மட்டும் கேட்டார். அது இறங்கவில்லை. அண்ணனுக்காக அத்தனை வருஷம் கையை நகர்த்தியவன் தன் குரலுக்காக ஒரு கட்டம்கூட நகர்த்தவில்லை. குரல் தடுமாறியபடி கிடாரின் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

யாரோ சிரித்தார்கள். ஜெயசீலியும் சிரித்துவிட்டு அழுதாள். பாட்டு முடியும்வரை கிறிஸ்துதாஸ் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் திரும்பவில்லை.

தம்பியை நினைத்துத் தொண்டை அடைத்துப் போனதால்தான் பெரியவர் பாட்டைப் பாதியில் விட்டார் என்று சபையில் பேச்சு பரவியது. மறு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், நாலு பேர் முன்னால், பாஸ்டரும் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

கிறிஸ்துதாஸ் கையை விடுவித்துக்கொண்டார்.

"தொண்டை அடைக்கல, பாஸ்டர். எனக்கு சுதி நிக்காது."