யாகப்பர் வீட்டுக்குள்ளால் போன சைக்கிள் பாதை

1931ஆம் வருஷம் மழை விட்ட ஒரு காலையில், கெலிஓயா றோட்டிலிருந்து ஒரு சாண் அகலப் பாதை தனியாகப் பிரிந்து, வயல் வரம்போடு கண்டிக்குப் போய்விட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது. றோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், லொறிக்குப் பின்னால் லொறி, இரு பக்கமும் புதுக் கடைகள். சைக்கிளுக்கு எங்கே இடம்? கண்டிக் கந்தோரொன்றில் கிளாக்கராயிருந்த அமலதாஸ் மறுநாளே அதில் சைக்கிளை ஏற்றி, நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

பிறகு ஊர் பெருத்து, வரம்போரமும் வீடுகள் எழும்பின. பாதையோ இடம் மாறவில்லை. குறுக்கே எந்தச் சுவர் நின்றாலும் அமலதாஸ் மணியடித்துக்கொண்டு அதற்குள்ளால் போனான், சுண்ணாம்புகூட உதிராது. வரம்போரத்து வீட்டுக்காரி அன்னலட்சுமி முதல் வாரம் விளக்குமாற்றை ஓங்கினாள். அடுத்த வாரம், அடுப்படியைக் கடக்கிறவன் கையில் சுடச்சுட ரொட்டியைத் திணித்தாள்.

அடுத்து அங்கே தனக்கு வீடு கட்டிக்கொண்டவர் மேசன் யாகப்பர். பாதை அவருடைய வீட்டு ஹோலின் நடுவே ஓடியது. மணிச் சத்தம் கேட்குமுன்பே அவர் மகள் மேபல் அங்கே வந்து நிற்பாள்; அமலதாஸும் அந்த வீட்டில் மட்டும் மெதுவாக மிதிப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இருவருக்கும் பொழுது விடிந்தது. மகளை நாவலப்பிட்டி பஸ் முதலாளி ஒருவருக்குப் பேசி வைத்திருந்த யாகப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு மந்திரிக்கப் பங்குச் சுவாமியாரை அழைத்தார், அதுவும் சைக்கிள் வரும் நேரம் பார்த்து.

"தீர்த்தம் பட்ட செவுத்துல பேய் வேலை பலிக்காது. மோதி மூக்கு ஒடையட்டும்!"

ஊரும் அப்படித்தான் நம்பியது. மேபல் புனித அந்தோனியாரைக் கெஞ்சினாள். அமலதாஸும் அதைக் கேள்விப்பட்டான், ஆனாலும் வந்தான்.

சுவாமியார் பின்சுவரில் தீர்த்தம் தெளித்து, இந்த வீட்டுக்குள் வருவோரையும் போவோரையும் ஆண்டவர் காக்கட்டும் என்று செபித்தார். மணி கேட்டது. முன்சுவரால் வந்த அமலதாஸ் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டான். சுவாமியார் அவன் தலையிலும் தெளித்துவிட்டு, "மாப்பிள்ளையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி," என்றாள் மேபல்.

சுவாமியார் முன்னால் மகளைப் பொய்க்காரியாக்க யாகப்பருக்கு வாய் வரவில்லை. அதற்குள் சைக்கிள் ஈரச் சுவருக்குள்ளால் போயே போய்விட்டது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து கல்யாணம் நடந்தது. அதன்பின் யாகப்பர் அந்த வரம்போரம் நிறைய வீடுகள் கட்டினார். பாதை போகும் இடத்தில் படம் மாட்ட யாராவது ஆணி கேட்டால் மட்டும் ஒரே சத்தம்தான்:

"வேற எடத்துல அடிங்க! மருமகன் சட்ட கிழிஞ்சிரும்."