மாயக்காள் வீட்டு நரி

ரங்கூனில் குண்டு விழுந்த வருடம் மாயக்காளின் புருஷன் அங்கேயே செத்துப்போனான். அதற்கப்புறம் எங்கள் ஊரில் காரியமாகக் கிளம்புகிற எவனும் விடிகாலையில் அவள் முகத்தில் விழிக்க மாட்டான். கொட்டாம்பட்டிச் சந்தைக்குப் போகிறவன்கூட அவள் வீட்டைத் தவிர்த்து வாய்க்கால் வழியே சுற்றிப் போவான். பெரிய வீரர்கள்தான்.

மறுவருடம் கிணறு வெட்ட வைத்த வெடியில் ஒரு தாய் நரி செத்தது. பொந்தில் கண் திறக்காத குட்டி கிடந்தது. மாயக்காள் அதை மடியில் கட்டிவந்து, ஆட்டுப்பாலில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்துப் பிழைக்க வைத்தாள்.

நரி முகத்தில் விழித்தால் போன காரியம் ஜெயம் என்பது எங்கள் ஊருக்கு வேதம். விடிந்ததும் விடியாததுமாக ஆண்கள் கண்ணை மூடி, ஒருவன் தோளை ஒருவன் பிடித்தபடி அவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் குட்டியைத் தூக்கிக் காட்டியதும் கண்ணைத் திறந்தார்கள். பண்டம் ஊட்டினார்கள். "நல்லாருக்கியா மாயக்கா?" என்று அவளையும் கேட்டார்கள். அவளுக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனால் குட்டி ஆளைக் கண்டால் வாலாட்டப் பழகிவிட்டது. ஒருநாள் அசலூர் ஆட்டுக்கிடைக்குள் ஆசையாக ஓடி, கம்படி வாங்கி நொண்டி வந்தது. காலுக்கு மஞ்சள் பற்றுப் போடும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள்.

மறுநாள் தம்பிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய பேயாண்டி, கண்ணை மூடியபடி வாசல் படலைத் தட்டினார்.

"படலத் தொற ஆத்தா."

"மாட்டேண்ணே. மனுசனுக்குப் பயப்படாத நரிய அடிச்சே கொன்றுவாய்ங்க."

"நரி போயிட்டா ஒன் வாசல்ல எவன் வந்து நிப்பான்? யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன்."

குட்டியைக் கொல்லைச் சுவருக்குள் அடைத்துவிட்டு, அவளும் அதன் கண்ணில் படவில்லை. வயல் நண்டையும் எலியையும் உயிரோடு சுவருக்கு மேலாக உள்ளே போட்டாள். பசித்த குட்டி துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் கரட்டுக் குன்றில் நரிகள் ஊளையிட, உள்ளிருந்து இதுவும் பதில் கொடுத்தது. மாயக்காள் கொல்லைப் படலைத் திறந்துவிட்டு மறைந்து நின்றாள். நரி திரும்பிப் பார்க்காமல் போயிற்று. அவள் அழுதாள். சந்தோஷமாகவும் இருந்தது.

விடிந்தபோது வாசலில் யாருமில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். சந்தைக்குக் காளையை ஓட்டிவந்த பேயாண்டி அவளைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறண்ணே. நரிய வளத்துக் காட்டுக்கு அனுப்புன மூஞ்சிதான். நல்லாப் பாத்துட்டுப் போ."

அவர் மெல்லத் திறந்தார்.

"மாடு விலை போகலேன்னா?"

"திருப்பி ஓட்டிட்டு வா. நாளைக்கும் இந்த வழியாத்தான் தண்ணிக்கு வாரேன்."